கண் தெரிகிற படம்

மேடம், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கண்ணாடி வலது பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது. காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் கொஞ்சம் சூடு காட்டி நிமிர்த்தினால் சரியாகிவிடும், இரண்டு நிமிட வேலை. பத்தொன்பது வருடமாக எதிரில் உட்காருபவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூக்கைப் பார்க்கிறவன் நான். பழக்க தோஷம். விசாரணைக்காக, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி ஆறு தாள் கொடுத்திருக்கிறீர்கள். போதும் என்று நினைக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

என் கடை உங்களுக்குத் தெரியும். போன வாரம் வந்து பூட்டி முத்திரை வைத்தது உங்கள் ஆட்கள்தானே. செருப்புக் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில், ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் ஒருக்களித்து வழிவிட வேண்டிய அகலம். சுவர் நிறைய ஃபிரேம், மூன்று முகம் பார்க்கும் கண்ணாடி, கடைசிச் சுவரில் எழுத்துப் பலகை. பக்கத்தில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷின். பவர் பார்ப்பது, தேய்ப்பது, மாட்டுவது, குறை சொல்லி வருபவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் தெருமுனையில் பெரிய கண்ணாடிக் கடை ஒன்று வந்தது. உள்ளே ஏசி, வெளியே வரிசையாக விளக்கு, வாசலில் சிரிப்பதற்கென்றே ஒரு பெண். பத்து வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் என் கடையைத் தாண்டும்போது மட்டும் செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் செருப்பில் ஆசை வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். அவன்தான் கடைக்கு இணையத்தில் ஒரு பேஜ் ஆரம்பிக்கச் சொன்னான். ஆரம்பித்தேன். நாற்பது ஃபிரேம்களை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். ஏழு லைக் வந்தது. நான்கு பேர் உறவுக்காரர்கள். ஒருவர் செருப்புக் கடைக்காரர். ஒருவர் யாரென்று தெரியவில்லை. மிச்சம் ஒன்று நான்.

மச்சினன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணாடிய யார் அத்தான் பாக்குறாங்க? மூஞ்சியைத்தான் பாப்பாங்க. கஸ்டமரோட சேர்ந்து நின்னு செல்ஃபி எடுத்துப் போடுங்க."

"என் மூஞ்சியையா?"

"இருக்கறதை வெச்சுத்தானே செய்யணும்."

அடுத்த நாளே ஒருவரோடு நின்று எடுத்துப் போட்டேன். என் அக்கா அதைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்து, உடம்புக்கு என்ன, டாக்டரிடம் போனாயா என்று கேட்டாள்.

எனக்கு ஒரு குணம் உண்டு, மேடம். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். ஒரு மாதம் அதையே படித்தேன். போனை மூக்குக்கு நேராகப் பிடித்தால் மூக்குதான் படம் முழுக்க வரும். கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் தாடையை இறக்க வேண்டும். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் ஆள் திருடன் மாதிரித் தெரிவான். வாசல் பக்கம் முகம் கொடுத்து நிற்க வேண்டும். சிரி என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. 'பல் வலி எப்படி இருக்கு' என்று கேட்டால், எனக்கு ஏது பல் வலி என்று சிரிப்பார்கள், அப்போது எடுக்க வேண்டும். லைக் எழுபதானது, நூற்றைம்பதானது. செருப்புக் கடையைப் பார்த்துப் போனவர்களில் இரண்டு பேர் தலையைத் திருப்பினார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் கிட்டப்பார்வைக்காரர்கள், தூரம் தெரியாதவர்கள். அவர்களுக்குப் போடுகிற மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாகக் காட்டும். பவர் ஏற ஏறக் கண் சுருங்கிக்கொண்டே போகும். மைனஸ் ஆறு, ஏழு என்றால் ஒரு பெரிய முகத்தில் யாரோ இரண்டு மிளகைப் பதித்த மாதிரி இருக்கும். எந்தக் கோணமும் எந்த வெளிச்சமும் இதற்கு உதவாது. 'அண்ணே, படத்துல கண்ணைக் காணோம், கண்டுபிடிச்சுக் குடுங்க' என்று கீழே எழுதுகிறார்கள். கண்ணாடிக் கடைக்கு இதைவிட ஒரு அவமானம் உண்டா?

ஃபில்டர் போட்டுக் கண்ணைப் பெரிதாக்கலாம் என்றான் மச்சினன். நான் மறுத்துவிட்டேன். அது மக்களை ஏமாற்றுவது. இதில் நான் கண்டிப்பானவன். படத்துக்கு மட்டும் பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். கண்கள் நன்றாக வந்தன. ஆனால் அப்படி எடுத்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி 'படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணா?' என்று எழுதிவிட்டாள். என்னை அது உறுத்தியது. படமும் ஆளும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தை மாற்றுவது ஏமாற்று. அதனால் ஆளையே கொஞ்சம் மாற்றினேன்.

ஏழு தேவைப்படுகிறவருக்கு ஏழு கொடுப்பதற்குப் பதில் ஐந்தரை கொடுத்தால் கண் பெரிதாகத் தெரியும், லென்ஸ் மெல்லிசாகும், கன்னம் உள்வாங்காது. கிட்டத்தில் இருப்பது எல்லாம் நன்றாகத் தெரியும். தூரத்தில் இருப்பது கொஞ்சம் மசமசப்பாக இருக்கும், அவ்வளவுதான். உலகத்தில் தூரத்தில் இருப்பவற்றில் எத்தனையை நாம் உண்மையில் பார்த்தாக வேண்டும், சொல்லுங்கள்.

முதலில் என் மனைவிக்குத்தான் செய்தேன். வீட்டில் சோதிக்காமல் வெளியில் கொடுக்கக் கூடாது இல்லையா.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். இந்தக் கரையிலிருந்து ஒரு சத்தம் போட்டால் அந்தக் கரையில் இருப்பவர்களின் முதுகு நிமிரும். ஆறு வயதில் கண்ணாடி போட்டவள், மைனஸ் ஏழு. பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் கேமராவைக் கண்டால் ஓடுவாள். எங்கள் கல்யாணப் போட்டோவில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போட்டோக்காரரைப் பார்ப்பதாக நினைத்து ஒரு தூணைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருபவர்கள் தூண்தான் மாப்பிள்ளையா என்று கேட்பார்கள்.

புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கிட்டே போய் வெகுநேரம் நின்றாள்.

"என்னங்க, எனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?"

"எப்பவும் இருந்ததுதான். லென்ஸ் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இது புது ரகம், மெல்லிசு."

வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். "எதிர்க்கடை போர்டு கொஞ்சம் மங்கலா இருக்கே."

"புதுசுல்ல. பழகிடும்."

'பழகிடும்' என்பது எங்கள் தொழிலில் பாதி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளாகவே என் தோளில் சாய்ந்து செல்ஃபிக்கு நின்றாள். எண்ணூறு லைக். 'அண்ணி ரொம்ப அழகு' என்று யாரோ எழுதியதை எனக்கே மூன்று முறை படித்துக் காட்டினாள். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருந்தால், மேடம், நீங்களும் ஒன்றரை பவர் குறைத்திருப்பீர்கள். பழைய கண்ணாடியை, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடையில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டேன். யாருக்காவது பயன்பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் அறுபத்து மூன்று பேருக்குச் செய்தேன். பட்டியல் தனித் தாளில் இருக்கிறது. அவரவர்க்குச் சரியான பவர் எவ்வளவு என்பதையும் நேராக எழுதியிருக்கிறேன், என் கணக்கு சுத்தம். ஒருவர் பஸ் நம்பர் சரியாகத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, அதில் பழைய நண்பரைச் சந்தித்திருக்கிறார். என்னிடம் வந்து நன்றி சொன்னார். ஒரு அம்மாவுக்கு வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடை தெரியாமல் போனதால் மருமகளோடு சண்டை நின்றுவிட்டது. அந்த மருமகள் இரண்டு ஃபிரேம் வாங்கினாள். வண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டும் செய்யவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது. ஒருவரைத் தவிர. அவர் கார் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார், ஆனால் சாவி யாரிடம்தான் இல்லை. இப்போது அவருடைய காரின் இடது பக்கம் முழுக்கக் கீறல். படத்தில் அவர் காரின் வலது பக்கம் நிற்கிறார், நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் முக்கியமாகக் கேட்டது குளத்தில் நடந்ததைப் பற்றி. சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை வகுப்பு. பதினொரு குழந்தைகள். என் மனைவி இந்தக் கரையில் நிற்கிறாள். ஆழமான பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கயிற்றைத் தாண்டிப் போய்விட்டாள். கால் பிடித்துக்கொண்டதோ என்னவோ, கையை உயர்த்தினாள். என் மனைவி அதைப் பார்த்தாள். 'டீச்சர், இங்க பாருங்க' என்று கையாட்டுகிறாள் என நினைத்து, இவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். மறுபடியும் கை உயர்ந்தது. மறுபடியும் ஆட்டினாள். மூன்றாவது முறை கை உயரவில்லை. வேறொரு குழந்தையின் அம்மா, கைப்பை தோளில் இருந்தபடியே குதித்து அவளை இழுத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்திருந்தாள், இருமினாள், அழுதாள். இரண்டு வாரத்தில் மறுபடி வகுப்புக்கு வந்துவிட்டாளாம். டீச்சர்தான் போகவில்லை.

அன்று மத்தியானம் என் மனைவி நேராகக் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ என்னை உதவிக்குக் கூப்பிட்டிருக்கா. நான் டாட்டா காட்டியிருக்கேன்."

"விடும்மா. ஒண்ணும் ஆகலையே."

"ரெண்டு தடவை காட்டியிருக்கேங்க." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணு போகுது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. தூரத்துல இருக்கறவங்க மூஞ்சி கரையுதுன்னு சொல்லுவாரு."

என் மாமனார் ஐம்பது வயதுக்குள் பார்வையை முழுக்க இழந்தவர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பயம் உண்டு. எனக்கும் தெரியும்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம், மேடம். வாயைக்கூடத் திறந்தேன். சரியாக அப்போது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டார். வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவர் போன பிறகு பேச்சு வேறு பக்கம் போயிருந்தது. ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அது தாண்டிவிட்டால் பிறகு அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

அவளை எழுத்துப் பலகைக்கு முன் உட்கார வைத்துச் சோதித்தேன். "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றேன். அது பொய் இல்லை. இறங்கித்தான் இருந்தது. இறக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே இருப்பது நல்லதில்லை என்று தினமும் கடைக்கு அழைத்து வந்தேன். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் அப்படிப் பிடித்திருந்த கைகளும் எங்கள் முகங்களும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்தேன். காலை வெயில், பக்கவாட்டு வெளிச்சம். அவள் கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, பெரிதாக, நனைந்த மாதிரி. 'இவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. என் கை மங்காது' என்று கீழே எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

முப்பத்தெட்டாயிரம் லைக். அன்று சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. யார் யாரோ வந்தார்கள். பவரே தேவைப்படாதவர்கள்கூட வெயில் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள். தெருமுனைக் கடை வாசலில் சிரிக்கிற பெண் இடைவேளையில் வந்து, என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு புருஷன் கிடைக்கணும் சார்" என்றாள். உண்மையாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் வாசல் சிரிப்புக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

பேஜில் தினமும் விசாரிப்பார்கள். 'அண்ணி எப்படி இருக்காங்க?' 'அண்ணிக்காக வேண்டிக்கிறோம்.' இத்தனை பேர் அக்கறையாகக் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒருநாள் அவள், "இப்பக் கொஞ்சம் பரவாயில்லையோன்னு தோணுதுங்க. படிக்கட்டுல தடுமாறலை" என்றாள். மசமசப்புக்குக் கண் பழகிவிட்டிருந்தது. பழகிடும் என்று நான் சொன்னது சரிதான் என்பதை நீங்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

மறுநாள் அவளுக்கு நாலரையில் ஒரு கண்ணாடி தேய்த்தேன். அதற்கு அடுத்த மாதம் மூன்றரை.

மச்சினன் இரண்டு முறை சொன்னான். "அத்தான், அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க போனா சொட்டு மருந்து விட்டு, பயமுறுத்தி அனுப்புவாங்க. நான் இருக்கேன்ல. அவ கண்ணு எனக்குத் தெரியாதா?"

அவனும் விட்டுவிட்டான். அவனுக்கு என் பேஜின் வளர்ச்சியில் ஒரு பெருமை இருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் காட்டுவானாம்.

என் மனைவி அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினாள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடி, கதவிலிருந்து அடுப்புக்குப் பதினொன்று. உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் வளையம், சர்க்கரை டப்பாவில் இரண்டு. எனக்கு ஒருநாள் காபியில் உப்பு விழுந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். என் மனதை நீங்கள் புரிந்துகொள்ள இது உதவும் என்று எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். விரலால் என் புருவத்தைத் தடவினாள், பிறகு கன்னம், பிறகு உதடு.

"என்ன பண்றே?"

"மனப்பாடம் பண்றேன். அப்புறம் மறந்துடக் கூடாதுல்ல. நீங்க அசையாம இருங்க."

நான் அசையவில்லை. இடது கை மட்டும் போனைத் தூக்கியது. அதுதான் இதுவரை நான் எடுத்ததில் மிகச் சிறந்த படம், மேடம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பத்திரிகைகூட எடுத்துப் போட்டது. கோணம், வெளிச்சம், உணர்ச்சி என்று ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது.

அவள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்குத் தெரியாமல் செய்தது அது ஒன்றுதான். எனக்கு அது கொஞ்சம் வருத்தம். பார்வையற்றவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று அங்கே சேரப் போயிருக்கிறாள். அவர்கள் டாக்டர் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த கண் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். அந்த அம்மா சொட்டு மருந்து விட்டு, நரம்பைப் பார்த்து, பிறகு கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டிருக்கிறார். மைனஸ் ஏழு விழுந்ததும் என் மனைவி பலகையின் கடைசி வரியை, பலகை அச்சடித்தவரின் விலாசத்தோடு சேர்த்துப் படித்திருக்கிறாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். "உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா. பவர்தான் பாதி போட்டிருக்காங்க. எந்தக் கடையில வாங்குனீங்க? அவன்கிட்டப் போய் நல்லா நாலு வார்த்தை கேளுங்க."

அவள் கடைப் பெயரைச் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி தயாராகும் வரை நான்கு நாள் என்னோடு ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தாள். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நான்கு நாளில் நான் ஐந்து செல்ஃபி எடுத்திருக்கிறேன். ஒன்றிலும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இத்தனை வருடம் முகங்களைப் பார்க்கிறவன், எனக்கே தெரியவில்லை.

ஐந்தாவது நாள் கடைக்கு வந்தாள். கெட்டி லென்ஸ். கண்கள் மறுபடி சின்னதாகி உள்ளே போயிருந்தன. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். எழுத்துப் பலகையைப் படிப்பது மாதிரி மேலிருந்து கீழாக, வரி வரியாக.

"உங்க மூஞ்சியில இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் குளத்துல இருந்து வந்து இங்க உக்காந்து கண்ணு போகுதுன்னு சொன்னேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"சும்மா இல்லம்மா." மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை, மேடம். "அதுக்கப்புறம் ரெண்டு தடவை குறைச்சேன்."

அவள் கத்தவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு உண்டு என்று சொன்னேன் இல்லையா, அதை எடுக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு செத்துப் போயிருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் யோசித்தேன். நியாயமான கேள்வி. யோசிக்காமல் பதில் சொல்லக் கூடாது. ஆனால் நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது போல. எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், தெருவைக் கடந்து போனாள். நடுவில் ஒரு கார் வந்தது. நின்று, வழிவிட்டு, பிறகு போனாள். நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மச்சினன் அவளுடைய துணிமணிகளை எடுக்க வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "சார், அலமாரிச் சாவி எங்க இருக்கு?" என்று கேட்டான். சார் என்றான். அத்தான் என்கிற வார்த்தையை அவன் எங்கே கழற்றி வைத்தான் என்று தெரியவில்லை. உப்பு டப்பாவில் இருந்த ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமையலறையிலேயே நின்றான். பிறகு அதையும் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அவள் உங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்ததைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. குளத்துக்கும் போய், அந்தக் குழந்தையின் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் அவளே சொல்லியிருக்கிறாள். தன் தப்பு இல்லாத ஒன்றுக்கு அவர்கள் முன் கைகூப்பி நின்றாளாம். மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்று செருப்புக் கடைக்காரர் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய முன்னேற்றத்துக்கு நான் எப்போதும் குறுக்கே நின்றதில்லை.

ஆக, மேடம், நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதிவிடுகிறேன். அறுபத்து மூன்று பேருக்கும் என் மனைவிக்கும் தெரிந்தேதான் தவறான பவர் கொடுத்தேன். படத்தில் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொடுத்தேன். என் மனைவிக்கு மட்டும் மூன்று முறை. கடைசி இரண்டு முறையும், அவள் தனக்குப் பார்வை போகிறது என்று நம்புவது தெரிந்து, அவள் அப்படி நம்புவது கடைக்கு நல்லது என்பதும் தெரிந்து கொடுத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இது என் கையெழுத்துதான்.

நான் வருந்தவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கடையைப் பூட்டிய அன்று மாலையே பேஜில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு படம் போட்டேன். வீட்டில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து எடுத்தது. முதலில் எடுத்தவற்றில் முகம் ஏதோ சாதாரணமாக இருந்தது, திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்க வேண்டியிருந்தது. பதினேழாவது படத்தில்தான் என் வருத்தம் உண்மையானது என்று எனக்கே தெரிந்தது.